ஒன்பது சதுரமும் ஒரு கால் இன்ச்சும்: முதல் குவில்ட் பிளாக் தைப்பது எப்படி

துணித் துண்டுகளைச் சேர்த்துத் தைக்கிற பேட்ச்வொர்க் குவில்ட் என்றதும் கட்டில் முழுக்க விரித்த பெரிய போர்வைதான் பலருக்கும் கண்முன் வரும், உடனே "அடேயப்பா, இதெல்லாம் நமக்கு எங்கே" என்று ஒதுங்கிவிடுவார்கள். அதே போர்வையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே மாதிரி சதுரம் திரும்பத் திரும்ப வந்திருக்கும். அந்த ஒரு சதுரத்துக்குப் பேர்தான் பிளாக். அதை ஒழுங்காகத் தைக்கத் தெரிந்துவிட்டால் மீதிக்கு வேண்டியது பொறுமைதான்.

நான் இங்கே சொல்லப்போவது நைன் பேட்ச் பிளாக். மூன்று வரிசை, வரிசைக்கு மூன்று என்று மொத்தம் ஒன்பது சின்னச் சதுரங்கள். வளைவு கிடையாது, முக்கோணம் கிடையாது, எல்லாமே நேர்த்தையல். சுலபம் என்பதால் மட்டும் இதைத் தேர்ந்தெடுக்கவில்லை. வெட்டும்போது தப்பு செய்தோமா, தைக்கும்போதா, இஸ்திரி போடும்போதா என்பதை இந்த பிளாக் அப்படியே காட்டிக்கொடுத்துவிடும். கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் அப்படிக் காட்டிக்கொடுக்கிற ஒன்றில்தான் ஆரம்பிக்க வேண்டும்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். ஒவ்வொரு சதுரத்தையும் 3½ இன்ச்சுக்கு 3½ இன்ச் வெட்டப்போகிறோம். மூன்றை வரிசையாக வைத்தால் 10½ இன்ச். நடுவில் இரண்டு தையல், ஒவ்வொரு தையலும் இரண்டு பக்கமும் கால் கால் இன்ச்சாக அரை இன்ச்சை விழுங்கிவிடும், ஆக 9½ இன்ச் மிஞ்சும். பிளாக் தைத்து முடிந்ததும் ஸ்கேல் வைத்தால் இந்த 9½ வர வேண்டும். பிறகு அதைப் பக்கத்து பிளாக்கோடு சேர்க்கும்போது நாலு ஓரத்திலும் கால் இன்ச் உள்ளே போய், போர்வையில் கண்ணுக்குத் தெரிவது 9 இன்ச்தான். இந்த இரண்டு அளவையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதவர் யாரும் இல்லை, அதனால் ஒரு தாளில் எழுதி மெஷின் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.

இன்ச் ஸ்கேல் கையில் இல்லையா, சென்டிமீட்டரிலேயே செய்யலாம். ஆனால் இன்ச் அளவுகளை மாற்றிப் போட வேண்டாம், கால் இன்ச் என்பது 6.35 மில்லிமீட்டர், அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. சதுரத்தை 9 சென்டிமீட்டராக வெட்டி, தையலுக்கு 7½ மில்லிமீட்டர் விடுங்கள். பிளாக் 24 சென்டிமீட்டர் வரும், சேர்த்த பிறகு 22½. ஒரு முறையைப் பிடித்தால் கடைசிவரை அதிலேயே இருங்கள்.

துணி விஷயத்தில் ஒன்றே ஒன்றுதான்: முழுப் பருத்தி, நடுத்தர கனம், எல்லாத் துண்டும் ஏறக்குறைய ஒரே கனம். பனியன் மாதிரி இழுபடுகிற துணி, வழுக்குகிற சாட்டின், பட்டு எல்லாம் முதல் முயற்சிக்கு வேண்டவே வேண்டாம். பழைய சட்டைத் துணி தாராளமாகப் போடலாம், ஆனால் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள், முழங்கையும் தோள்பட்டையும் பட்டுத் தேய்ந்த இடம் பல்லிளிக்கும், அதை விட்டுவிட்டு வெட்டுங்கள். புதுத் துணியை நனைத்துக் காயவைத்து எடுத்துக்கொள்வது நல்லது, முக்கியமாக அடர் சிவப்பும் கருநீலமும். ஈர வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்தால் சாயம் போகிறதா என்று அப்போதே தெரிந்துவிடும். வெட்டுவதற்கு முன்னால்தான் நனைக்க வேண்டும். 3½ இன்ச் துண்டாக வெட்டிய பிறகு துவைத்தால் நாலு பக்கமும் நூல் பிரிந்து கையில் ஒன்றும் மிஞ்சாது.

நிறத்துக்கு இரண்டு துணி போதும், ஒன்று அழுத்தமானது, இன்னொன்று வெளிர். அழுத்தமானதில் ஐந்து சதுரம் (நாலு மூலை, நடு), வெளிரில் நாலு. இரண்டுக்கும் போதுமான வித்தியாசம் இருக்கிறதா என்று சந்தேகமாக இருந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்து போனில் கறுப்பு வெள்ளையாக ஒரு படம் எடுங்கள். சிவப்பும் பச்சையும் கண்ணுக்கு எவ்வளவோ வேறாகத் தெரியும், கறுப்பு வெள்ளையில் இரண்டும் ஒரே சாம்பலாக நிற்கும். அப்படி நின்றால் தைத்த பிறகு கட்டம் எடுபடாது.

வெட்டுவதற்கு வருவோம். துணியில் நீளவாக்கில் ஓடுவது பாவு நூல், குறுக்கே ஓடுவது ஊடை. பாவு வாக்கில் துணி அநேகமாக இழுபடாது, ஊடை வாக்கில் லேசாக இழுபடும், மூலைவிட்டமாக, அதாவது தையற்காரர்கள் கிராஸ் என்று சொல்கிற திசையில், நன்றாகவே இழுபடும். சதுரத்தின் ஓரம் கிராஸில் அமைந்துவிட்டால், வெட்டும்போது சரியாக இருந்தது தைக்கும்போது நீண்டுகொண்டே போகும், எவ்வளவு கவனமாகத் தைத்தும் பொருந்தாது. அதனால் துணியின் கரையை ஒட்டி ஸ்கேலை வைத்து, இழைக்கு நேராகக் கோடு போட்டு வெட்டுங்கள். கரையை மட்டும் பிளாக்குக்குள் சேர்க்காதீர்கள், அது நெருக்கமாக நெய்த பகுதி, மற்றத் துணியோடு ஒத்துப்போகாது.

ரோட்டரி கட்டர் (சக்கரம் மாதிரி உருண்டு துணியை வெட்டுகிற வட்ட பிளேடு), அதற்கடியில் விரிக்கிற மேட், கோடு போட்ட ஸ்கேல் மூன்றும் இருந்தால் வேலை சுலபம். பிளேடு கூர்மையாக இருக்க வேண்டும், உடம்பை விட்டு வெளிப்பக்கமாகத் தள்ளி வெட்ட வேண்டும், ஸ்கேலைப் பிடிக்கும் விரல் ஓரத்தைத் தாண்டி நீட்டக் கூடாது, ஒவ்வொரு வெட்டுக்கும் பிறகு பிளேடை மூட வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தை மறந்தால் ஒருநாள் மேஜை மேல் கை வைக்கும்போது ஞாபகம் வரும். கட்டர் இல்லாவிட்டாலும் ஒன்றும் குறைந்துவிடாது. ரோட்டரி கட்டரே 1979-ல்தான் ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனத்திலிருந்து வந்தது, அதற்கு முன்னால் எத்தனையோ தலைமுறை குவில்ட்டை அட்டையும் பென்சிலும் கத்தரிக்கோலும் வைத்துத்தான் தைத்திருக்கிறார்கள். கெட்டி அட்டையில் 3½ இன்ச் சதுரம் ஒன்றைத் துல்லியமாக வெட்டி, துணியின் பின்பக்கத்தில் வைத்து மெல்லிய பென்சிலால் வரையுங்கள். கோட்டின் உள்விளிம்பை ஒட்டி வெட்ட வேண்டும். கோட்டுக்கு வெளியே வெட்டினால் அந்தப் பென்சில் கோட்டின் பருமனே ஒவ்வொரு துண்டிலும் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

கால் இன்ச்

சரி, இதுதான் இந்தக் கட்டுரையின் உயிர். மற்றதையெல்லாம் மேலோட்டமாகப் படித்தாலும் பரவாயில்லை, இதை மட்டும் நின்று படியுங்கள்.

சட்டையோ சுடிதாரோ தைக்கும்போது தையல் அரை நூல் முன்னே பின்னே போனால் யாருக்கும் தெரியாது. குவில்ட்டில் தெரியும். உங்கள் தையல் கால் இன்ச்சை விட 1/16 இன்ச் உள்ளே தள்ளிப் போகிறது என்று வைத்துக்கொள்வோம், கண்ணால் பார்த்தால் கண்டுபிடிக்கவே முடியாத அளவு. இரண்டு துண்டிலும் 1/16 போவதால் ஒரு தையலுக்கு ⅛ இன்ச் நஷ்டம். ஒரு பிளாக்கின் குறுக்கே இரண்டு தையல், 9½ வர வேண்டியது 9¼ ஆகிவிட்டது. ஆறு பிளாக்கை ஒரு வரிசையாகச் சேர்த்தால் பதினெட்டுச் சதுரம், பதினேழு தையல், வரிசையே 2⅛ இன்ச் குட்டையாகிவிடும்.

இதில் இன்னொரு சூட்சுமமும் உண்டு. தைத்த துணியைத் திருப்பி மடித்து இஸ்திரி போடும்போது அந்த மடிப்புக்கே ஓரிரு இழை போய்விடும். ஆகவே தையல் ஓரம், அதாவது தையலுக்கும் துணி விளிம்புக்கும் நடுவில் விடுகிற துணி, கச்சிதமாகக் கால் இன்ச் இருந்தாலும் பிளாக் ஒரு மயிரிழை சின்னதாகத்தான் வரும். அனுபவசாலிகள் கால் இன்ச்சுக்கு ஒரு இழை குறைவாகத் தைப்பது இதனால்தான்.

மெஷினில் இதை எப்படி அமைப்பது? கோடு போட்ட ஸ்கேலை ஃபுட்டுக்கு, அதாவது துணியை மேலிருந்து அழுத்திப் பிடிக்கிற பாகத்துக்கு, அடியில் வைத்து, சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றி, ஊசி முனை சரியாகக் கால் இன்ச் கோட்டின் மேல் படும்படி இறக்குங்கள். ஸ்கேலின் வலது ஓரம் எங்கே இருக்கிறதோ அங்கே ஊசித் தட்டின் மேல் மாஸ்கிங் டேப்பை நேராக ஒட்டுங்கள். ஒரு அடுக்கு போதாது, நாலைந்து அடுக்காக ஒட்டினால் ஒரு சின்னச் சுவர் மாதிரி எழும்பி நிற்கும், துணியின் ஓரத்தை அதில் உரசவிட்டுத் தைக்கலாம். துணியை நகர்த்தும் பல்லின் மேல் டேப் ஏறிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கால் இன்ச் ஃபுட் என்றே தனியாகக் கிடைக்கிறது, இருந்தால் நல்லதுதான், ஆனால் அதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது, சோதித்தே ஆக வேண்டும்.

சோதனை இதுதான். 1½ இன்ச் அகலத்தில் மூன்று கீற்று வெட்டுங்கள், நீளம் ஐந்தாறு இன்ச் போதும். மூன்றையும் பக்கம் பக்கமாகத் தைத்து இஸ்திரி போட்டு, நடுக் கீற்றின் அகலத்தை அளந்து பாருங்கள். சரியாக 1 இன்ச் இருக்க வேண்டும். அதைவிடக் குறைவாக இருந்தால் தையல் ரொம்ப உள்ளே போகிறது, டேப்பை ஊசிப் பக்கம் ஒரு இழை நகர்த்துங்கள். கூடுதலாக இருந்தால் ஊசியை விட்டுத் தள்ளி ஒட்டுங்கள். மறுபடி மூன்று கீற்று, மறுபடி அளவு. எனக்கு முதல் தடவை இது சரியாக நாலு முறை ஆனது, எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் அதற்கு முந்தின மாதம் இந்தச் சோதனையெல்லாம் எதற்கு என்று நேராகத் தைக்க ஆரம்பித்து, ஒன்று 9⅛, ஒன்று 9⅝ என்று பன்னிரண்டு பிளாக்கைப் பன்னிரண்டு அளவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அதோடு ஒப்பிட்டால் இது எரிச்சலே இல்லை.

மெஷின் ஊசி 80/12 அளவு, நூல் நல்ல பருத்தி நூல், தையல் நீளம் 2-லிருந்து 2½ மில்லிமீட்டர். இதைவிட நீளமாக வைத்தால் ஓரத்தில் தையல் பிரியும், ரொம்பச் சின்னதாக வைத்தால் தப்பாகத் தைத்ததைப் பிரிக்கும்போது அழுகை வரும். பிரிக்கத்தான் போகிறீர்கள், எல்லோரும் பிரிக்கிறோம்.

தைக்கலாம்

ஒன்பது சதுரத்தையும் மேஜை மேல் பிளாக் எப்படி வர வேண்டுமோ அப்படியே அடுக்குங்கள். மேல் வரிசை அழுத்தம், வெளிர், அழுத்தம். நடு வரிசை வெளிர், அழுத்தம், வெளிர். கீழ் வரிசை மேல் வரிசை மாதிரியே. ஒவ்வொரு வரிசையிலும் நடுச் சதுரத்தைத் தூக்கி இடது சதுரத்தின் மேல், நல்ல பக்கமும் நல்ல பக்கமும் ஒட்டும்படி கவிழ்த்து வைத்து, வலது ஓரத்தில் ஒரு குண்டூசி குத்துங்கள். குண்டூசியைப் பார்த்தால் எந்த ஓரம் தைக்க வேண்டும் என்று தெரியும். இது சின்ன விஷயம்தான், ஆனால் சதுரத்துக்கு நாலு ஓரமும் ஒரே மாதிரி இருப்பதால் மேஜையிலிருந்து மெஷினுக்குப் போகிற இரண்டடியில் எந்த ஓரம் என்று மறந்துபோகும்.

தைக்க ஆரம்பிக்கும்போது மெஷின் துணியின் முனையைத் தட்டுக்குள் இழுத்து மென்றுவிடுகிற பழக்கம் உண்டு. அதற்கு ஒரு துண்டுக் கழிவுத்துணியை முதலில் ஊசிக்கடியில் விட்டுத் தைத்து, நூலை அறுக்காமல் அதன் பின்னாலேயே முதல் ஜோடியை விடுங்கள், அப்புறம் இரண்டாவது ஜோடி, மூன்றாவது ஜோடி, தோரணம் மாதிரி வரிசையாக வெளியே வரும். முடிந்த பிறகு நடுவில் இருக்கும் நூலை வெட்டிப் பிரித்துக்கொள்ளலாம். ஆரம்பத்திலும் முடிவிலும் பின்னோக்கித் தைத்துப் பூட்ட வேண்டிய அவசியம் இல்லை, அடுத்து வரும் குறுக்குத் தையல் இதை மிதித்துக்கொண்டு போகும். பிறகு அதே மாதிரி மூன்றாவது சதுரங்களையும் சேர்த்தால் மூன்று வரிசை தயார்.

இங்கே நிறுத்துங்கள். வரிசைகளைச் சேர்ப்பதற்கு முன் இஸ்திரி. இஸ்திரி போடுவது என்றால் முன்னும் பின்னும் தேய்ப்பது என்று நினைக்க வேண்டாம், அப்படித் தேய்த்தால் துணி இழுபட்டுச் சதுரம் சதுரமாகவே இருக்காது. வைத்து அழுத்தி, தூக்கி, அடுத்த இடத்தில் வைக்க வேண்டும். முதலில் தைத்த நிலையிலேயே மூடியபடி தையல் மேல் ஒருமுறை அழுத்துங்கள், நூல் துணிக்குள் அமரும். அப்புறம் திறந்து, உள்ளே இருக்கும் தையல் ஓரம் இரண்டையும் சேர்த்து அழுத்தமான நிறத் துணியின் பக்கம் சாய்த்து, நல்ல பக்கத்திலிருந்து அழுத்துங்கள்.

ஏன் அழுத்தமான நிறத்தின் பக்கம்? வெளிர் துணிக்கு அடியில் விட்டால் கறுப்புக் கோடு மாதிரி நிழல் தெரியும், அது ஒரு காரணம். இன்னொரு காரணம் இதைவிட அழகானது. மேல் வரிசையில் அழுத்தம் ஓரங்களில் இருக்கிறது, அதனால் தையல் ஓரங்கள் வெளிப்பக்கம் சாயும். நடு வரிசையில் அழுத்தம் நடுவில் இருக்கிறது, அங்கே அவை உள்பக்கம் சாயும். இப்போது இரண்டு வரிசையையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்தால், தையல்கள் சந்திக்கும் இடத்தில் ஒன்று இந்தப் பக்கமும் இன்னொன்று அந்தப் பக்கமும் படுத்திருக்கும், இரண்டு மேடும் முட்டிக்கொண்டு பூட்டு மாதிரி உட்கார்ந்துகொள்ளும். விரல் நுனியால் தடவிப் பாருங்கள், பொருந்தாதவரை ஒரு சின்னப் பள்ளமோ மேடோ தட்டுப்படும், சரியாகப் பொருந்தியதும் டக்கென்று சமமாகிவிடும். முதல் தடவை அது விரலில் தெரியும்போது வருகிற சந்தோஷத்துக்காகவே இன்னொரு பிளாக் தைக்கத் தோன்றும்.

அந்தச் சந்திப்பில் ஒரு குண்டூசி, அடுத்த சந்திப்பில் ஒன்று, இரண்டு முனையிலும் ஒவ்வொன்று. ஊசி நெருங்கி வரும்போது குண்டூசியை உருவிவிடுங்கள், அதன் மேல் தைத்தால் மெஷின் ஊசி உடைந்து தெறிக்கும். ஒரு வரிசை மற்றதைவிட ஒரு இழை நீளமாக இருந்தால் நீளமானதை அடியில் வையுங்கள், பல் அதைக் கொஞ்சம் உள்ளிழுத்துச் சரிக்கட்டிவிடும். இரண்டு தையலும் முடிந்ததும், இந்த நீளத் தையல்களின் ஓரங்களை நடு வரிசையை நோக்கிச் சாய்த்து இஸ்திரி போடுங்கள். பிளாக் முடிந்தது.

மெஷின் இல்லாதவர்கள் கையாலும் தைக்கலாம். சதுரத்தின் பின்பக்கத்தில் நாலு ஓரத்திலும் கால் இன்ச் உள்ளே பென்சில் கோடு போட்டுக்கொண்டு, இரண்டு துண்டின் கோடுகளும் ஒன்றின் மேல் ஒன்று விழும்படி மூலைகளில் குண்டூசி குத்தி, அந்தக் கோட்டின் மேலேயே சின்னச் சின்ன ஓட்டுத்தையல். ஆரம்பத்திலும் முடிவிலும் ஒரு பின்தையல். சொல்லப்போனால் கையால் தைப்பவர்களுக்கு இந்த டேப், சோதனைக் கீற்று எதுவும் வேண்டாம், கோடே போட்டாகிவிட்டதே. நேரம்தான் கூடுதலாகும்.

அளந்து பார்த்தால்

9½ வந்தால் சரி. ⅛ இன்ச் வித்தியாசம் என்றால் விட்டுவிடுங்கள், சேர்க்கும்போது துணி அதை வாங்கிக்கொள்ளும். அதற்கு மேல் சின்னதாக இருந்தால் இழுத்துப் பிடித்து நீராவி விட்டு நீட்டப் பார்க்காதீர்கள். நான் செய்திருக்கிறேன், அப்போதைக்கு நீளும், மறுநாள் அப்பளம் மாதிரி நெளிந்து கிடக்கும். பின்பக்கம் திருப்பி ஒவ்வொரு தையலின் ஓரத்தையும் அளந்து பாருங்கள், ஒன்றோ இரண்டோதான் தப்பாக இருக்கும், அதை மட்டும் பிரித்துத் தைத்தால் போதும். எல்லாத் தையலும் சரியாக இருந்தும் சின்னதாக வந்தால், மடிப்பு முழுதாகத் திறக்காமல் இஸ்திரி போட்டிருப்பீர்கள். பெரிதாக இருந்தாலும் சும்மா ஓரத்தைச் சீவிவிடக் கூடாது, வெளிச் சதுரங்கள் மட்டும் ஒடுங்கிப்போய் நடுச் சதுரம் துருத்திக்கொண்டு தெரியும்.

எல்லா பிளாக்கும் ஒரே மாதிரித் தப்பாக, எல்லாமே 9¼ என்று வந்திருந்தால் அது தப்பே இல்லை. அதுதான் உங்கள் அளவு. அதற்கேற்ப மற்றதை வெட்டிக்கொண்டு நிம்மதியாக மேலே போகலாம். அளவு குறைந்ததை விட ஒன்றுக்கொன்று வேறுபட்டதுதான் தொல்லை.

நிறைய பிளாக் வேண்டுமானால் சதுரம் சதுரமாக வெட்டிக்கொண்டிருக்க வேண்டாம். 3½ இன்ச் அகலத்தில் 42 இன்ச் நீளக் கீற்றுகளாக, அழுத்தமானதில் ஐந்து, வெளிரில் நாலு வெட்டுங்கள். அழுத்தம், வெளிர், அழுத்தம் என்று இரண்டு தொகுதி, வெளிர், அழுத்தம், வெளிர் என்று ஒரு தொகுதி தைத்து இஸ்திரி போட்டு, குறுக்கே 3½ இன்ச்சாக வெட்டினால் வரிசைகள் தைத்தபடியே கையில் வந்துவிடும். முனை நேராக்கியது போக ஒரு தொகுதிக்குப் பதினொரு துண்டு, ஆகப் பதினொரு பிளாக். நீளக் கீற்று தைக்கும்போது எல்லாவற்றையும் ஒரே திசையில் தைத்தால் வில் மாதிரி வளையும், ஒன்றை இந்த முனையிலிருந்தும் அடுத்ததை அந்த முனையிலிருந்தும் தைத்தால் அது குறையும்.

பிளாக்குகளைச் சேர்க்கும்போது முதல் குவில்ட்டுக்கு என் யோசனை, ஒரு நைன் பேட்ச், பக்கத்தில் 9½ இன்ச்சில் வெட்டிய ஒரு வெற்றுச் சதுரம், மறுபடி நைன் பேட்ச் என்று மாற்றி மாற்றி வையுங்கள். பிளாக்குகளின் மூலையைத் தவிர எங்கேயும் தையல் பொருத்தும் வேலை இல்லை, தைக்க வேண்டியதும் பாதியாகிவிடும். வெற்றுச் சதுரம் வேண்டாம், பிளாக்கையே நெருக்கமாக வைக்கிறேன் என்றால், ஒன்றுவிட்டு ஒரு பிளாக்கைக் கால் சுற்று திருப்பி வையுங்கள். பார்வைக்கு எந்த வித்தியாசமும் தெரியாது, ஆனால் பின்பக்கத்தில் ஒன்றில் வெளியே சாய்ந்த தையலும் மற்றதில் உள்ளே சாய்ந்த தையலும் எதிரெதிராக வந்து பழையபடி பூட்டிக்கொள்ளும். நீளத் தையலை நடு வரிசையை நோக்கிச் சாய்க்கச் சொன்னது இதற்காகத்தான்.

தைத்துத் தைத்து அலுத்துப்போனால் ஒரு வேடிக்கை செய்து பார்க்கலாம். முடிந்த பிளாக்கை நட்ட நடுவில் நெடுக்காகவும் குறுக்காகவும் வெட்டி, 4¾ இன்ச்சில் நாலு துண்டாக்குங்கள். மனசு கேட்காது, பரவாயில்லை, வெட்டுங்கள். எதிரெதிர் மூலையில் இருக்கும் இரண்டு துண்டை மட்டும் அரைச் சுற்று திருப்பி வைத்துத் திரும்பத் தைத்தால், இவ்வளவு நேரம் பார்த்த ஒன்பது கட்டம் காணாமல்போய் சின்னதும் பெரியதுமாக வேறொரு கட்டம் வந்து நிற்கும். அதன் அளவு 9½ இருக்காது, ஒரு தையல் கூடியதால் 9 இன்ச்தான் வரும், வெட்டாத பிளாக்குகளோடு கலந்துவிடாமல் தனியாக எடுத்துவையுங்கள்.